பக்கவாதத்துக்குப் பிறகு: புதுச் செல்லா, புது ரத்தக்குழாயா?

ரத்தக்குழாய் அடைப்பால் வரும் ஸ்ட்ரோக் (பக்கவாதம்) என்றால், வந்த நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். தகுதியுள்ள சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட குழாய் விட்டுக் கட்டியை உருவி எடுக்கலாம். இந்த இரண்டு வாய்ப்பும் கைவிட்டுப் போனபின் பிசியோதெரபியை விட்டால் நிரூபணமான வழி அதிகமில்லை. அந்த இடத்தில்தான் ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல், வந்து உட்கார்கிறது. செத்த நியூரான்களுக்கு (மூளையின் நரம்புச் செல்களுக்கு) பதில் புதுச் செல்களை வைப்போம் என்பது ஒரு கட்சி. செல்லை விடுங்கள், அந்தப் பகுதிக்கு ரத்தக்குழாயை வளர்த்துக் கொடுங்கள், மிச்சத்தை மூளை பார்த்துக்கொள்ளும் என்பது இன்னொன்று.

முதலில், அதிகம் விற்கப்படும் வகை: எலும்பு மஜ்ஜையிலிருந்து செல் எடுத்து நரம்பு ஊசி (கையில் உள்ள ரத்தக்குழாயில் போடுவது) வழியாக ஏற்றுவது. கேட்க எளிதாக இருக்கும், ஆனால் நரம்பில் ஏற்றும் மஜ்ஜை ஸ்டெம் செல்களில் பெரும்பகுதி நுரையீரலிலேயே சிக்கிக்கொள்கிறது, மூளைக்குப் போய்ச் சேர்வது சொற்பம். நம் நாட்டிலேயே ஐந்து மருத்துவமனைகளில், டெல்லி எய்ம்ஸ் தலைமையில் 120 பேரை வைத்து இதைச் சோதித்து 2014-இல் வெளியிட்டார்கள். நோயாளிக்குச் சராசரியாக 28 கோடி செல்கள் ஏற்றியிருக்கிறார்கள். பாதுகாப்பில் பிரச்சினை இல்லை, பலனும் இல்லை. ஜப்பானில் வேறொரு வகை மஜ்ஜைச் செல்லை ஸ்ட்ரோக் வந்த ஒன்றரை நாளுக்குள் 206 பேரிடம் பார்த்தார்கள், அதிலும் முதன்மை இலக்கு எட்டவில்லை. அதைத் தயாரித்த அமெரிக்க நிறுவனமான அதெர்சிஸ் 2024 ஜனவரியில் திவாலானது.

அடுத்தது, மண்டையோட்டில் சின்னத் துளை போட்டு மூளைக்குள்ளேயே செல் வைப்பது. இதன் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டும் பிட்ஸ்பர்க்கும் சேர்ந்து 18 பேருக்கு, ஸ்ட்ரோக் வந்து பல மாதங்கள் ஆனபிறகு, எஸ்பி623 என்ற, மஜ்ஜையிலிருந்து தயாரித்த செல்லை வைத்து 2016-இல் முடிவு வெளியிட்டபோது, கை கால் அசைவு தேறியிருக்கிறது என்று உலகமே பேசியது. ஆனால் அந்த 18 பேரோடு ஒப்பிட ஒரு குழு இல்லை. அப்புறம் 163 பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்குச் செல் வைக்காமல் வைத்தது போலவே செய்து பார்த்தார்கள். 2019 ஜனவரியில் வந்த அறிவிப்பில் வித்தியாசம் காணாமல் போயிருந்தது. செல் சிகிச்சைக்குப் பின் 'நடந்து காட்டும்' வீடியோக்களை நான் நம்பாததற்கு இதுதான் காரணம். கவனிப்பு, நம்பிக்கை, கூடுதல் பயிற்சி எல்லாம் சேர்ந்தே ஒருவரைத் தேற்றிவிடும்.

இன்னொன்று: எஸ்பி623 செல்கள் நியூரானாக மாறவே இல்லை. விலங்குகளில் சுமார் ஒரு மாதத்தில் மறைந்துவிடுகின்றன. இருக்கும்வரை வளர்ச்சிக் காரணிகளை (மற்ற செல்களை வளரத் தூண்டும் புரதங்களை) சுரக்கின்றன, அவ்வளவுதான். அந்தக் காரணிகள் செய்யும் முக்கிய வேலைகளில் ஒன்று ரத்தக்குழாய் வளர்ப்பு. அப்படியானால் செல் வெறும் டெலிவரி வண்டிதானே, சரக்கை நேராகவே கொடுத்துவிடலாமே என்று தோன்றும்.

கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்ட்ரோக்கில் இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்ததில், அதிக நாள் உயிரோடிருந்தவர்களிடம் நுண்குழாய்கள் அடர்த்தியாக இருந்தது 1994-லேயே தெரிந்திருந்தது. 2000-இல் டெட்ராய்ட்டில் எலிகளுக்கு வீஜிஎஃப் என்ற குழாய் வளர்ப்புப் புரதத்தை ஏற்றினார்கள். 48 மணி நேரம் கழித்துக் கொடுத்தால் புதுக்குழாய் வளர்ந்தது, எலி தேறியது. அதையே ஒரு மணி நேரத்தில் கொடுத்தால் குழாய்ச் சுவர் ஒழுகி, ரத்தக்கசிவு கூடியது. ஒரே மருந்து, நேரம் மட்டும் வேறு. அவசரப்பட்டால் குழாய் ஒழுகும். இந்த வழி இன்னும் மனிதருக்கு மருந்தாக வரவில்லை.

அறுவை சிகிச்சையால் குழாயை இணைக்கும் பைபாஸைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: 1377 பேரை வைத்து 1985-இல் வெளியான ஆய்விலும், 2011-இல் வெளியான இன்னொன்றிலும், அடைப்பால் வரும் சாதாரண ஸ்ட்ரோக்கைத் தடுக்க அது உதவவில்லை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் மெல்லச் சுருங்கி அடைபடும் மோயாமோயா நோய்க்கு மட்டும் அது வேறு கதை, அங்கே இன்றும் செய்கிறார்கள்.

இரண்டு கட்சியும் ஒன்றாகும் இடம் 2025-இல் சூரிச்சிலிருந்து வந்த எலி ஆய்வு. ஸ்ட்ரோக் வந்து ஒரு வாரம் கழித்து, மனித ஐபிஎஸ் செல்லிலிருந்து (சாதாரண உடல் செல்லைத் திருப்பி ஸ்டெம் செல்லாக்கியது) வளர்த்த நரம்பு முன்னோடிச் செல்களை மூளைக்குள் வைத்தார்கள். ஐந்து வாரம் கழித்தும் அவை பிழைத்திருந்தன, நியூரான்களாகவும் மாறின. கூடவே ரத்தக்குழாய் பெருகியது, ரத்தத்திலிருந்து கண்டது மூளைக்குள் போகாமல் காக்கும் ரத்த-மூளைத் தடுப்பின் ஒழுகல் குறைந்தது, நடை சீரானது. அந்நியச் செல்லை விரட்டாத, எதிர்ப்பு சக்தி குறைந்த எலிகள் அவை என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் இந்தப் பட்டியலில் பணம் கட்டச் சொன்னால் இதில்தான் கட்டுவேன். முதலீடாக, சிகிச்சைக்கு அல்ல.

இப்போது யாராவது உங்கள் அப்பாவுக்கு இதைச் செய்யலாம் என்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி ஸ்ட்ரோக்குக்கு ஸ்டெம் செல் என்பது ஆய்வாக மட்டுமே நடக்கலாம், அதற்கு நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. ரசீது நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். சீனா, அர்ஜென்டினா, மெக்ஸிகோ என்று போய் ஊசி போட்டுக்கொண்ட ஒரு ஸ்ட்ரோக் நோயாளிக்கு முதுகுத்தண்டில் வேறொருவருடைய செல்கள் கட்டியாக வளர்ந்தது 2016-இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.