1,500 கட்டினா 4,500: மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டம், கட்டிப் பார்த்தவ சொல்றேன்

"நெசமாவே ரெண்டு மடங்கு போடுறாங்களாக்கா? இல்ல சும்மா சொல்றாங்களா?" இந்த மாசம் மட்டும் நாலு பேர் கேட்டுட்டாங்க. ஒவ்வொருத்தருக்கும் நின்னு பதில் சொன்னா என் மீன் கெட்டுப்போயிடும். அதனால இங்க எழுதிடுறேன்.

நான் சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துல விடியக்காலம் ஏலத்துல எடுத்து, தண்டையார்பேட்டையில கூறு போட்டு விக்கிறவ. நெத்திலி, காரப்பொடி, கவலை, கைல காசு இருந்தா சங்கரா. இந்தத் திட்டத்துல 2016-லேர்ந்து கட்டுறேன். நடுவுல ஒரு வருசம் விட்டுட்டேன்.

விஷயம் இவ்வளவுதான். மீனவ மகளிர் கூட்டுறவு சங்கத்துல உறுப்பினரா இருக்கணும், வயசு 18-லேர்ந்து 60-க்குள்ள, வறுமைக்கோட்டுக்குக் கீழ. நாம ஒன்பது மாசத்துல 1,500 கட்டணும். அரசாங்கம் 3,000 போடும். மழைக் காலத்துல, கடல்ல ஒண்ணும் கிடைக்காத மாசத்துல, 4,500-ஆ நம்ம வங்கிக் கணக்குக்கு வரும். ஆம்பளைங்களுக்கும் இதே மாதிரி தனியா இருக்கு. அதுல மத்திய அரசு 1,500, மாநில அரசு 1,500.

ஒரு நாளைக்குக் கணக்கு போட்டா ஆறு ரூபாய்கூட வரல. டீக்கடையில பாதி டீக்கூட கிடைக்காது அந்தக் காசுக்கு. ஆனா அதைக் கட்டுறதே பெரிய பாடு. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு எதுவும் போகாது. அந்த ரெண்டு மாசம் தண்டல்காரன் வாசல்ல நிப்பான். 10,000 கேட்டா 8,500 கைல கொடுத்துட்டு, நாளைக்கு நூறு வீதம் நூறு நாள் வாங்குவான். அவனுக்குக் குடுத்துட்டு சங்கத்துக்கு எங்க கட்டுறது? நான் விட்ட வருசம் அப்படித்தான் விட்டது. இப்ப தை, மாசியிலயே பாதிக்கு மேல கட்டி முடிச்சிடுவேன். வஞ்சிரம் நல்லா வர்ற மாசம், கைல பணம் புழங்கும்.

இப்ப நல்லதைச் சொல்றேன். எனக்கு ஒரு அரை சவரன் தோடு, அம்மா போட்டது. கல்யாணமான நாள்லேர்ந்து ஐப்பசி பொறந்தா அது அடகுக் கடைக்குப் போயிடும். 5,000 ரூபாய்க்கு வைப்பேன், ரெண்டு வட்டி, பொங்கல் தாண்டி பங்குனியில மீட்பேன். வருசா வருசம் வட்டி மட்டும் ஐந்நூறு அறுநூறு. "உன் தோடு உன் காதுல இருந்த நாளைவிட கடையில இருந்த நாள்தான் ஜாஸ்தி"ன்னு மாமியார் கிண்டல் பண்ணுவாங்க. திட்டத்துல சேர்ந்த முதல் வருசம் பணம் நேரத்துக்கு வந்துச்சு, தோடு போகல. தீபாவளிக்குத் தோடு போட்டுட்டு நின்னேன். இதைப் படிக்கிறவங்களுக்கு இது சின்ன விஷயமா தெரியலாம்.

2022-ல வந்த பணத்துல பழைய ஐஸ் பெட்டி ஒண்ணு 1,800-க்கு வாங்கினேன். அதுக்கு முன்னாடி சாயங்காலம் மிஞ்சின மீனை வந்த விலைக்குத் தள்ளிட்டுப் போவேன். இப்ப காலையில விக்கிறேன். 2023 டிசம்பர்ல புயலும் வந்து, எண்ணூர்ல எண்ணெய் மிதந்தப்ப எவ்வளவு சொல்லியும் யாரும் மீன் வாங்கல. அப்ப பெட்டியும் உதவல. இந்தப் பணம்தான் அரிசி.

கெட்டது, 2021. என் கணக்கு இருந்த வங்கியை இன்னொரு வங்கியோட சேர்த்துட்டாங்க. பணம் எந்தக் கிளைக்குப் போகணும்னு காட்டுற ஐஎஃப்எஸ்சி எண் மாறிடுச்சு. எனக்கு யாரும் சொல்லல. எல்லாருக்கும் பணம் வந்துச்சு, எனக்கு வரல. வங்கியில கேட்டா "சங்கத்துல கேளும்மா", சங்கத்துல கேட்டா "வங்கியில கேளுக்கா". புது பாஸ்புக் ஜெராக்ஸ் கொடுத்து, அது ஏறி, பணம் வந்தப்ப மாசி மாசம். தோடு மறுபடியும் கடைக்குப் போய் நாலு மாசம் உக்காந்துடுச்சு. மழைக்கு வர வேண்டிய பணம் வெயில்ல வந்தா நிவாரணம்னு பேர் எதுக்கு?

என் மூத்த பொண்ணு பொருளாதாரம் படிக்கிறா. அமெரிக்காவுலயும் இப்படி ஒண்ணு இருந்துச்சாம். ஏழைங்களுக்கு மாசச் செலவுக்குக் கொடுத்தா மட்டும் பத்தாது, சொத்து சேர வழி பண்ணணும்னு மைக்கேல் ஷெராடன்னு ஒரு பேராசிரியர் 1991-லயே எழுதினாராம். 1998-ல அதுக்குச் சட்டமே வந்துச்சாம். ஏழைங்க கட்டினா மேல பணம் போட்டாங்களாம், ஆனா முதல் வீடு, படிப்பு, சின்னத் தொழில் மாதிரி காரியத்துக்குத்தான் அதை எடுக்க முடிஞ்சுதாம். பணத்தை எப்படிக் கையாளணும்னு வகுப்புக்கு வேற போகணும்னு இருந்துச்சாம். ஏலத்துல கடன் சொல்லி மீன் எடுத்து, பொழுது சாயறதுக்குள்ள அடைக்கிறவளுக்கு வகுப்பான்னு சிரிச்சேன். அப்புறம் யோசிச்சேன். எட்டு வருசம் எடுக்காம இருந்திருந்தா 36,000. தெருவுல உக்காராம ஒரு சின்னக் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கலாம். அவ சொல்றதும் சரிதான். ஆனா கார்த்திகை மாசம் அடுப்பு எரியணுமே.

என் தம்பி லாரி ஷெட்டுல வேலை பார்க்கிறான். அவன் சேர்ந்திருக்கிறது பிரதமரோட ஷ்ரம் யோகி மான்தன்ங்கிற பென்ஷன் திட்டம், 2019-ல வந்தது. மாசம் 15,000-க்குள்ள சம்பாதிக்கிறவங்க, 18-லேர்ந்து 40 வயசுக்குள்ள சேரலாம். 29 வயசுல சேர்ந்தான், மாசம் அவன் நூறு கட்டினா மத்திய அரசு நூறு போடுது. 60 வயசுக்கு மேல மாசம் 3,000. பத்து வருசத்துக்குள்ள விட்டா அவன் கட்டினதும் சேமிப்புக் கணக்கு வட்டியும்தான் கைக்கு வரும், அரசு பங்கு வராது. "இன்னைக்கே அந்த 3,000 ரெண்டு கிலோ வஞ்சிரம். அவன் கிழவனாகிறப்ப இன்னா வரும்?"னு மாமியார் கேக்கிறாங்க. நான் நிறுத்தச் சொல்லல. வயசான காலத்துல மாசம் தவறாம எது வந்தாலும் நல்லது. ஆனா மழைக்கு அது உதவாது.

நகைக்கடைச் சீட்டையும் சேர்த்துக் கேட்டாங்க. பதினோரு மாசம் கட்டினா பன்னிரண்டாவது தவணை கடை போடும்னு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுப் பக்கம் போனா கூப்பிட்டு உக்கார வைப்பாங்க. மாசம் 500-னா 5,500-க்கு 500. இங்க 1,500-க்கு 3,000. ஒப்பிடவே வேணாம். அதுவும் கடை ஷட்டரை இழுத்து மூடிட்டா யார்கிட்ட போய் நிக்கிறது?

மார்க் போடச் சொன்னா, பணம் ஐப்பசியில வந்த வருசத்துக்கு அஞ்சுக்கு நாலரை. மாசியில வந்த வருசத்துக்கு ரெண்டு. 4,500-ங்கிறது நான் சேர்ந்தப்பவும் அதேதான், இப்பவும் அதேதான். ஐஸ் விலை அப்படி நிக்கல.

புதுசா சேர்றவங்க ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் மூணையும் எடுத்துட்டு ஏலம் முடிஞ்ச கையோட போங்க, மத்தியானம் போனா ஆள் இருக்க மாட்டாங்க. பாஸ்புக்குல ஐஎஃப்எஸ்சி எண் மாறியிருக்கான்னு மட்டும் முதல்ல பாருங்க. என் ஓரகத்தியோடது இன்னும் பழைய புக்குதான், நாளைக்கு அவளை இழுத்துட்டுப் போகணும்.