மரம் எந்தக் காற்றில் சாயும்? கயிறு கட்டி இழுப்பதா, கணினியில் ஆட்டிப் பார்ப்பதா

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்த பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்புகளைப் பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும். ஒரே தோப்பு, ஒரே வயசுத் தென்னை. சில மரங்கள் வேர்க்கட்டியோடு பெயர்ந்து கிடந்தன, சில பாதி உயரத்தில் முறிந்து மொட்டையாக நின்றன, நடுநடுவே ஒன்றிரண்டு மட்டை உதிர்ந்ததோடு தப்பித்தன. ஏன் இப்படி? காட்டுச் சூழலியல் படித்தவர் மண்ணையும் வேரையும் சொல்வார், மெக்கானிக்கல் படித்தவர் வளைவையும் விசையையும் சொல்வார். இரண்டு பேரும் ஒரே மரத்தடியில் நின்றால்தான் பதில் வரும். உலகப் பல்கலைக்கழகங்களில் இதற்கு முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. எதில் நம் நேரத்தையும் பணத்தையும் போடுவது என்பதுதான் என் கேள்வி.

முதல் வழி ரொம்பப் பழையது. மரத்தின் பாதி உயரத்துக்கோ அதற்கும் மேலேயோ கயிறு கட்டி, கயிற்றைச் சுற்றி இழுக்கும் பொறியான வின்ச் வைத்து இழுப்பது. கயிற்றில் ஒரு லோடு செல் விசையை அளக்கும், அடிமரத்தில் ஒரு சாய்வுமானி இருக்கும், மரம் விழும்வரை இழுப்பார்கள். விசையையும் கயிறு கட்டிய உயரத்தையும் கயிற்றின் கோணத்தையும் வைத்து, மரத்தைப் பெயர்க்க எவ்வளவு திருப்புத்திறன் (அடியைச் சுற்றி மரத்தைச் சாய்க்கும் விசையின் அளவு) தேவைப்பட்டது என்று கணக்குப் போடுவார்கள். பிரிட்டனில் 1960 முதல் 2000 வரை 34 இடங்களில் 12 ஊசியிலை இனங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2000 மரங்களை இப்படிச் சாய்த்து எடுத்த அளவுகளை ஒன்றாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். 80 செ.மீ.க்குக் கீழே வேர் இறங்கிய மரம், அதே எடையுள்ள மேல்வேர் மரத்தைவிட 10 முதல் 15 விழுக்காடு கூடுதலாகத் தாங்கும் என்பது அதில் தெரிந்த ஒரு சங்கதி. இந்த மாதிரி எண்ணை மேசையில் உட்கார்ந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

குறையும் இருக்கிறது. மரம் செத்துவிடும். ஒரு நாளில் ஒரு சில மரங்களுக்கு மேல் முடியாது. அதைவிட முக்கியம், காற்று ஒரு பக்கமாகச் சீராக இழுப்பதில்லை, விட்டுவிட்டு அடிக்கும். மரம் முன்னும் பின்னும் ஆடி ஆடி வேரடி மண் தளர்ந்து போகும், மழையில் ஊறிய மண் என்றால் கேட்கவே வேண்டாம். வின்ச் இதைக் காட்டாது.

அதற்குத்தான் இரண்டாவது வழி. உயிருள்ள மரத்தின் அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளில், மரம் வளையும்போது ஏற்படும் சின்ன நீட்சியை அளக்கும் ஸ்ட்ரெய்ன் கேஜ் பொருத்தி, பக்கத்தில் காற்றுமானி வைத்து, நொடிக்குச் சில தடவை அளவெடுத்து மாதக்கணக்கில் விட்டுவிடுவது. இங்கிலாந்தின் வைத்தம் காட்டிலும் மலேசியாவின் சபா மாநிலத்து டானம் பள்ளத்தாக்கிலும் இதைச் செய்திருக்கிறார்கள். மரம் சாகாது, உண்மையான காற்றில் உண்மையான ஆட்டம் கிடைக்கும். ஆனால் பெரும்புயல் வருகிற வரை காத்திருக்க வேண்டும். வந்தால் கருவியும் தப்பிக்குமா என்பது இன்னொரு கவலை.

மூன்றாவதுதான் இப்போது எல்லாருக்கும் பிடித்தது. காட்டுக்குள் லேசர் ஸ்கேனரை நிறுத்தி, மரத்தைச் சுற்றிலும் கோடிக்கணக்கான புள்ளிகளாகப் பதிந்து, அந்தப் புள்ளிகளை உருளை உருளையாகக் கோத்து ஒரு கணினி மரம் செய்கிறார்கள். அதை ஃபைனைட் எலிமென்ட் முறையில், அதாவது சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றின் வளைவையும் கணக்கிடும் முறையில், காற்று கொடுத்து ஆட்டுகிறார்கள். வைத்தம் மரங்களில் ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர்கள் செய்தது இதுதான். இது வெறும் படம் காட்டும் வேலை இல்லை. ஊசியிலை மரத்தை ஒரு பக்கம் பிடித்த கம்பி மாதிரி எடுத்துக்கொண்டால் அதன் ஆட்ட அதிர்வெண் ஓரளவு சரியாக வரும், கிளை விரித்து நிற்கும் அகன்ற இலை மரத்துக்கு அப்படி வராது, அங்கே கிளையமைப்பே கணக்கை மாற்றிவிடும் என்று இந்த ஆராய்ச்சியில்தான் தெளிவாகத் தெரிந்தது. நம் தூங்குமூஞ்சி மரத்தையும் ஆலமரத்தையும் நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

இதற்கு நேர் எதிரான முடிவும் ஒன்று உண்டு. 2009 ஜனவரியில் பிரான்சின் தென்மேற்கைத் தாக்கிய கிளாஸ் புயலின் சேதத்தைப் பார்த்த இயற்பியலாளர்கள், மரத்துண்டுகளை ஆய்வகத்தில் வளைத்து உடைத்துப் பார்த்து, மரம் சிறிதோ பெரிதோ நொடிக்கு 42 மீட்டர் வாக்கில், அதாவது மணிக்குச் சுமார் 150 கி.மீ. காற்றில் முறியும் என்று 2016இல் எழுதினார்கள். அழகான முடிவுதான். ஆனால் அது முறிகிற மரத்துக்கான கணக்கு, வேரோடு பெயர்கிற மரத்துக்கு இல்லை. 2016 டிசம்பர் வர்தா புயலில் சென்னைத் தெருக்களில் கான்கிரீட்டுக்கும் தாருக்கும் நடுவே வேர் ஓட இடமில்லாமல் நின்ற மரங்கள் அந்த வேகத்துக்காகக் காத்திருக்கவில்லை.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என் மனசு வின்ச் பக்கம்தான் சாய்கிறது. காரணம் இதுதான்: லேசர் மண்ணுக்குக் கீழே பார்க்காது. கணினி மாதிரியில் பெரும்பாலும் அடிமரத்தை அசையாதபடி இறுக்கிப் பிடித்துவிடுகிறார்கள், நிஜத்தில் முதலில் அசைவதே அந்த இடம்தான். இலைகள் காற்றில் மடங்கி ஒடுங்கும்போது காற்றின் இழுப்பு எவ்வளவு குறைகிறது என்பதும் வெளியிலிருந்து கொடுக்க வேண்டிய எண்தான். ஸ்ட்ரெய்ன் கேஜுக்கும் இதே கதி, அது காட்டும் சின்ன நீட்சியைத் திருப்புத்திறனாக மாற்ற, தெரிந்த விசையில் அந்த மரத்தைக் கயிறு கட்டி ஒருமுறை இழுத்தாக வேண்டும். கடைசியில் எல்லாரும் கயிற்றிடம்தான் வருகிறார்கள்.

தென்னைக்கு இது இன்னும் பொருந்தும். கிளையே இல்லாத மரத்துக்குப் பல லட்சம் ரூபாய் ஸ்கேனர் எதற்கு? டேப்பும் உயரமானியும் போதும். தெரியாதது உள்ளே இருக்கிறது. தென்னந்தண்டின் வெளிவட்டம் கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல், நடுப்பகுதி 400க்கும் கீழே, அதனால் தண்டு முழுக்க ஒரே வலிமை என்று போடும் கணக்கு தப்பாகத்தான் வரும். கீழே ஆணிவேர் கிடையாது, கயிறு கயிறாகச் சல்லிவேர்தான். டெல்டாவின் களிமண்ணிலும் வேதாரண்யத்து மணலிலும் அதன் பிடி ஒரே மாதிரியா இருக்கும்?

இதற்காக நல்ல மரத்தைக் கொல்ல வேண்டாம். காய்ப்பு குறைந்து எப்படியும் வெட்டப்போகிற மரத்தை, வெட்டுவதற்கு முன்னால் விவசாயியிடம் கேட்டு இழுத்துப் பார்க்கலாம். பொள்ளாச்சிப் பக்கம் வேர் வாடல் நோய்க்காக வெட்டும் மரங்கள் மட்டும் உதவாது, நோயில்லாத மரத்தின் பிடிமானத்தை அதில் அளக்க முடியாது. சாலையோர மரம் என்றால் ஜெர்மன்காரர்கள் மாதிரி அடிமரம் கால் டிகிரி சாயும் அளவுக்கு மட்டும் இழுத்து, அதிலிருந்து மரம் சாய எவ்வளவு விசை தேவைப்படும் என்று கணிக்கலாம், மரத்துக்கு ஒன்றும் ஆகாது.

சென்னை ஐஐடி வளாகமே கிண்டிக் காட்டின் ஒரு துண்டு. எதிர்ச்சாரியில் அண்ணா பல்கலைக்கழகம். இரண்டிலும் மெக்கானிக்கல் துறை இருக்கிறது, நடக்கிற தூரத்தில் மரங்கள் இருக்கின்றன. ஒரு வின்ச், ஒரு லோடு செல், ஒரு சாய்வுமானி, மண் தெரிந்த ஒரு சூழலியல் மாணவர். முதல் இருபது மரங்களை வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒருமுறையும் மண் ஊறிய பிறகு ஒருமுறையும் கால் டிகிரி மட்டும் இழுத்தால் போதும், ஈர மண் எவ்வளவு பிடியை விட்டுக்கொடுக்கிறது என்பதற்கு நம் ஊர் எண் ஒன்று முதல் தடவையிலேயே கையில் கிடைக்கும்.