மரத்துக்கு எந்த எண்ணெய்? மட்டக்களப்பு, அம்பாறைக் காற்றில் ஓர் ஒப்பீடு

முதிரை மர மேசைக்கு வார்னிஷ் வேண்டாம், எண்ணெய்தான் வேண்டும் என்று முடிவெடுத்தவருக்கு அடுத்த தலையிடி எந்த எண்ணெய் என்பது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் கதிரை, அலுமாரி, கதவுக்குக் காய்ச்சிய லின்சீட் எண்ணெய் போதும். தினமும் தண்ணீரும் தேநீரும் சிந்தும் மேசைக்கு எண்ணெயும் வார்னிஷும் கலந்த பூச்சு நல்லது. மாரியில் எதையும் பூசாமல் தள்ளிப்போடுவதே புத்தி.

தேங்காயெண்ணெயை நினைப்பவர்கள் அந்த நினைப்பை விட்டுவிடலாம். எண்ணெய் காய்வது ஈரம் ஆவியாவதால் அல்ல. காற்றிலுள்ள ஒட்சிசனை இழுத்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுவதையே காய்வது என்கிறோம். இந்த ஆற்றலைக் காட்டும் அயடீன் எண் தேங்காயெண்ணெய்க்கு 10 அளவில்தான் வரும். லின்சீட்டுக்கோ 170ஐத் தாண்டும். இலுப்பெண்ணெயும் வேப்பெண்ணெயும் இடையில் நின்றாலும் அவையும் இறுகுவதில்லை. பூசிய அன்று மினுக்கம் அழகாகத்தான் இருக்கும். பிறகு தூசி ஒட்டும், சிக்கு வாடை வரும்.

லின்சீட் என்பது ஆளி விதை எண்ணெய். அதில் பச்சை, காய்ச்சியது என இரண்டு வகை உண்டு. பச்சை எண்ணெய் கிரிக்கெட் மட்டைக்கு ஏற்றது. தளபாடத்தில் ஒரு பூச்சுக் காய வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காய்ச்சியது என்று இன்று கடையில் விற்பது பெரும்பாலும் காய்ச்சப்பட்டதே அல்ல. கோபால்ட், மங்கனீசு போன்ற உலோக உலர்த்திகள் சேர்த்த எண்ணெய் அது. வறண்ட கச்சானில் ஒரு நாளில் கைக்கு ஒட்டாத நிலைக்கு வந்துவிடும். விலையும் தாங்கும், மரத்தின் நிறமும் தேன் போலத் தெளியும். குறை என்னவென்றால் தண்ணீரை அது அதிகம் தாங்காது. இன்னொன்று, பூஞ்சணத்துக்கு அது நல்ல தீனி. வாவிக்கரை வீடுகளில் சுவரைப் பார்த்து நிற்கும் அலுமாரியின் முதுகில் மார்கழியில் கரும்புள்ளி படர்ந்தால் வியப்பில்லை.

டங் எண்ணெய் சீனத்து மரமொன்றின் விதையிலிருந்து வருவது. தண்ணீரைத் தாங்குவதில் லின்சீட்டை முந்தும், மஞ்சளாவதும் குறைவு. ஆனால் முழுதாக இறுக ஏறத்தாழ ஒரு மாதம் எடுக்கும். டின்னில் டங் என்று எழுதியிருப்பதெல்லாம் டங் ஆகிவிடாது. வெறும் வார்னிஷ் கலவையையும் அந்தப் பெயரில் விற்கிறார்கள். 'நூறு சதவீதம்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

டேனிஷ் ஓயில் என்ற பெயரில் வருவது எண்ணெய், வார்னிஷ், தின்னர் மூன்றும் சேர்ந்த கலவை. இதற்கு நிலையான அளவு எதுவும் இல்லை, கம்பனிக்குக் கம்பனி மாறும். மேற்பரப்பில் மெல்லிய படலம் தங்குவதால் சாப்பாட்டு மேசைக்கு நான் இதையே சொல்வேன்.

எதை வாங்கினாலும் அதன் பலனைத் தீர்மானிப்பது துடைப்புத்தான். முதிரை இறுகிய மரம், குடிப்பது கொஞ்சம். பூசிப் பதினைந்து, இருபது நிமிடத்தில் மிச்சத்தை முழுதாகத் துடைத்தெடுக்காவிட்டால் பசைபோன்ற தோல் ஒன்று படிந்துவிடும், பிறகு தின்னரும் அரத்தாளும்தான் கதி. தேக்கில் வேறு சிக்கல்: அதன் சொந்த எண்ணெய் பூச்சைக் காயவிடாது இழுத்தடிக்கும், அதனால் முதலில் தின்னர் துணியால் ஒருமுறை துடைக்க வேண்டும். துளை பெரிய மரங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். துடைத்து முடித்து ஒரு மணி நேரம் கழித்துச் சாய்வாகப் பார்த்தால், ஊசிமுனை அளவில் எண்ணெய்த் துளிகள் துளைகளிலிருந்து மேலே வந்து நிற்கும். மரத்தை நிழலிலிருந்து வெயிலுக்கு நகர்த்தினால் இது இன்னும் கூடும். அப்படியே விட்டால் ஒவ்வொன்றும் பளபளக்கும் கொப்புளமாக இறுகிவிடும். துளி வருவது நிற்கும்வரை திரும்பத் திரும்பத் துடைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மினுக்கத்துக்குத் தேய்ப்பது மறுநாள், கை வைத்தால் ஒட்டாத பிறகு. அதற்கு, துவைத்துத் துவைத்து மெலிந்த மருதமுனைக் கைத்தறிச் சாரத்தை விடச் சிறந்த துணி எனக்குத் தெரியாது. பூச்சுக்கிடையே சொரசொரப்பை எடுக்க இரும்புக் கம்பளியா, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரா என்று கேட்டால், கரையோரத்தில் நார்தான். மரத்துளையில் தங்கிய இரும்புத் தூள் உப்புக் காற்றில் துருப்பிடித்துக் கறையாகும். மெழுகு கடைசியில்தான். எண்ணெய் வாசம் முழுதாக அடங்கினால் அது இறுகியதற்கு அடையாளம். அதற்கு முன்பே மெழுகேற்றி இயந்திரத்தால் சுழற்றினால் மேற்பரப்பு மங்கிப்போகும்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். இறுகும் எண்ணெய் வெப்பத்தை வெளிவிடும். சுருட்டலுக்குள் அந்த வெப்பம் அடைபட்டால் தீக்குச்சி இல்லாமலே துணி பற்றும். லின்சீட்டில் இந்த ஆபத்து மிகுதி, தகரக் கொட்டகையின் வெக்கையில் இன்னும் மிகுதி. தண்ணீரில் நனைத்து, வெளியே மடிப்பில்லாமல் விரித்துப் போடுங்கள். விறைத்துக் காய்ந்த பிறகு எறியலாம்.