எஸ்–டி பொத்தானும் எழுமாற்று எண்ணும்: பதினொரு வருடப் பாவனைக்குப் பிறகு

போன கிழமை புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் என்னுடைய கல்குலேட்டரைத் திருத்தி எடுத்தேன். அதற்கு இரண்டு நாள் கழித்து மருமகள் மெசேஜ் அனுப்பினாள்: "மாமா, கம்பஸ் தொடங்கப் போகுது. எந்தக் கல்குலேட்டர் வாங்க?" உயர்தரம் முடியும்வரை மடக்கை அட்டவணையோடு காலம் தள்ளிய பிள்ளை. அவள் எழுதின பரீட்சைகளில் கணிப்பானுக்கு இடமிருக்கவில்லை என்பதால் சொந்தமாக ஒன்று வாங்குவது அவளுக்கு இதுதான் முதல் தடவை. ஒரு வரியில் பதில் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது எல்லாரும் அறிந்த வகைதான். பின்னத்தைப் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே மேலே ஒன்று கீழே ஒன்றாகத் திரையில் காட்டுகிற சயன்டிபிக் கல்குலேட்டர். சூரிய ஒளித் தகடும் உண்டு, உள்ளே ஒரு பொத்தான் பற்றரியும் உண்டு. 2014இல் வாங்கியது. என் தொழில் கட்டட வேலைகளின் அளவு கணக்குப் பார்ப்பது. அப்படியென்றால் சைட், தூசி, சீமெந்துக் கை, அவசரம். இத்தனைக்கும் ஈடுகொடுத்துப் பதினொரு வருடம் நின்றிருக்கிறது. இலக்கங்கள் அழியவில்லை, திரை மங்கவில்லை, ஒரு தடவைதான் பற்றரி மாற்றினேன். உழைப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

குறை ஒன்றே ஒன்றுதான். ஆனால் அது ஒவ்வொரு நாளும் வரும்.

4.2 மீற்றர் நீளம், 3.5 மீற்றர் அகலம், 0.125 மீற்றர் தடிப்பு. ஒரு ஸ்லாப் துண்டு. மூன்றையும் பெருக்கிச் சமன் அமத்தினால் திரையில் வருவது 147/80. நான் தசமத்தில் கேட்டேன், அது பின்னத்தில் சொல்கிறது. பக்கத்தில் மேசன் பாஸ் எத்தனை கியூபிக் மீற்றர் கொங்கிறீற் என்று கேட்டபடி நிற்கிறார். அவரிடம் போய் நூற்று நாற்பத்தேழின் கீழ் எண்பது என்று சொல்ல முடியுமா? அதைத் தசமமாக்கத்தான் எஸ்–டி என்ற பொத்தான். அமத்தினால் 1.8375 வரும். ஒரு நாளைக்கு இருநூறு கணக்கு என்றால் இருநூறு தடவை அந்தப் பொத்தான். பிறகு ஏன் தேயாது? ஒன்பதாம் வருடம் அது செத்துப்போனது.

சுற்றுவழி இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஷிப்டை அமத்திவிட்டுச் சமனை அமத்தினால் நேரே தசமம் வரும். செட்டப்பில் லைன் முறைக்கு மாற்றினால் நிரந்தரமாகவே தசமம்தான். மாற்றிப் பார்த்தேன், ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. பின்னத்தைப் பின்னமாக எழுதுகிற அழகு போய், எல்லாம் ஒரே வரியில் நெருக்கியடித்துக்கொண்டு வந்தது. திரும்பவும் பழைய முறைக்கே போனேன். சைட்டில் ஷிப்ட், சமன். மற்ற நேரத்தில் பின்னம் பின்னமாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த மற்ற நேரம் என்பது சனிக்கிழமைப் பின்னேரம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில் ஒரு தேத்தண்ணிக் கடை. நாங்கள் நான்கு பேர். பௌதிகம் படிப்பிக்கிற சேர் ஒருவர், வங்கியில் மென்பொருள் எழுதுகிற நண்பன், பார்மசி வைத்திருக்கிற அண்ணா, நான். பிளேன்டீ, ரோல்ஸ், எண்கள். இதுதான் நிகழ்ச்சி நிரல். முக்காலே மூன்று வீசம் நேரம் பிரயோசனமில்லாத கதைதான் என்று வீட்டில் சொல்வார்கள். அந்த மீதி வீசத்துக்காகவே நான் போவேன்.

இந்தக் கல்குலேட்டரில் ஷிப்டும் புள்ளியும் சேர்ந்தால் எழுமாற்று எண், அதாவது குருட்டாம்போக்கில் ஒரு எண், வரும். 0.000 முதல் 0.999 வரை, மூன்று தசம தானத்தில் ஏதோ ஒன்று. பிறகு சமனை அமத்த அமத்தப் புதிது புதிதாக வரும். ஆனால் பின்னமுறையில் இருந்தால் அதையும் சுருக்கிப் பின்னமாகத்தான் காட்டும். எஸ்–டி பொத்தான் செத்திருந்த காலத்தில்தான் இதை ஒழுங்காகக் கவனித்தேன். 317/1000 வந்தது. அடுத்தது 89/250. அதற்கடுத்து 5/8. அன்றைக்குப் பார்மசி அண்ணா எட்டிப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: "அரையே அரைக்கால்."

எங்கள் எல்லாருக்கும் அந்தச் சொல் தெரியும், ஆனால் யாரும் வாயால் சொல்லிப் பல வருடம். அரை, கால், அரைக்கால். 1/20 என்றால் மா. அதில் பாதி அரைமா. 1/80 காணி. வாய்ப்பாட்டுக் காலத்தோடு போய்விட்ட அளவுகள், திடீரென்று தேத்தண்ணி மேசையில் வந்து உட்கார்ந்தன. அன்றிலிருந்து ஒரு விளையாட்டு. ஆளுக்கு ஆள் கல்குலேட்டரைக் கைமாற்றிச் சமனை அமத்த வேண்டும். பழைய பெயரால் சொல்லக்கூடிய பின்னம் யாருக்கு வருகிறதோ அவர் பெயரைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தப் பெயரை வைத்து ஏதாவது முடிச்சுப் போட வேண்டும்.

1/8 வந்தால் யாராவது அரைக்காற்சட்டையை இழுத்துவிடுவார்கள். சட்டையில் எட்டில் ஒரு பங்கு. 3/4 வந்தால் முக்காலி. அப்படியானால் நாற்காலி என்பது நான்கு கால், அதாவது சரியாக ஒன்று. முழுமையான ஆசனம்! இந்தப் பொருத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். நாங்கள் போர்த்துக்கேயரிடம் வாங்கிய கதிரையில் உட்கார்ந்து உட்கார்ந்து நாற்காலியைப் புத்தகத்தோடு விட்டுவிட்டோம் என்பதில் எனக்கு மெய்யான கவலை உண்டு. 7/40 வந்தால் மும்மா அரைமா. புட்டுக்கு மா குழைக்கிற அளவுபோல இருக்கிறது என்று அண்ணா சொன்னார். அவருடைய அம்மா அப்படித்தான் அளப்பாராம்.

ஒரு நாள் சேருக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு மாதமாக விளையாடுகிறோம், மா வருகிறது, அரைமா வருகிறது, ஏன் ஒரு தடவைகூடக் காணி வரவில்லை? ரோல்ஸ் சுற்றிவந்த கடதாசியில் கணக்குப் பார்த்தோம். மூன்று தசம தானம் என்றால் கீழே வரக்கூடியது 1000ஐ மீதியின்றி வகுக்கும் எண்தான். 20 வகுக்கும், 40 வகுக்கும். 80 வகுக்காது. 1/80 என்பது 0.0125. நான்கு தானம் வேண்டும். ஆகவே இந்தக் கல்குலேட்டர் ஆயுளுக்கும் தட்டினாலும் காணி தராது.

வங்கி நண்பன் கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னான்: "கொழும்பில எழுமாறாக் காணி கிடைக்கும் எண்டு நினைச்சனீங்களே?"

கடையில் இருந்த மற்றவர்களும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். நாங்கள் நால்வருமே வாடகை வீட்டுக்காரர். ஒரு ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ், அதில் காணிப் பங்கு 2 பேர்ச்சஸ். அந்த இரண்டு பேர்ச்சஸைக்கூட இந்தப் பொத்தான் தரமாட்டேன் என்கிறது. அப்போதுதான் எனக்குச் சைட்டின் 147/80 நினைவுக்கு வந்தது. அது 147 காணி அல்லவா? பிரித்துச் சொன்னால் ஒன்றே முக்காலே ஒரு மா முக்காணி. இத்தனை வருடம் நான் திட்டித் தீர்த்த விடை, வாய்விட்டுச் சொன்னால் தாளத்தோடு வருகிறது. எழுமாறாக வராத காணி வேலை செய்தால் வருகிறது என்று சேர் சொன்னார். அன்றைய பிளேன்டீக் காசை அவரைக் கொடுக்க விடவில்லை.

அதே சேர்தான் இன்னொன்றும் சொன்னார். இவை எழுமாற்று எண்கள் இல்லை, ஏமாற்று எண்கள். சொல் விளையாட்டு மாதிரித் தெரியும், ஆனால் அதுதான் உண்மை. உள்ளே ஒரு சூத்திரம் இருக்கிறது. முந்திய எண்ணிலிருந்து அடுத்ததைச் செய்கிறது. தொடக்கம் ஒன்றாக இருந்தால் வரிசையும் ஒன்றாகவே வரும். இப்படி எண் செய்வதற்கு 1940களில் கணிதவியலாளர் ஜோன் வொன் நொய்மன் சொன்ன முறையைச் சேர் அதே கல்குலேட்டரில் செய்து காட்டினார். நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்து வர்க்கித்து, நடு நான்கு இலக்கத்தை அடுத்த எண்ணாக எடுக்க வேண்டும். 1234ஐ வர்க்கித்தால் 1522756, முன்னால் ஒரு பூச்சியம் சேர்த்து நடுவை எடுத்தால் 5227. அதிலிருந்து 3215. அதிலிருந்து 3362. எங்கேயோ ஓடுகிற மாதிரி இருக்கும். பிறகு என்னிடம் நீட்டி, "3792 போடும்" என்றார். போட்டேன். 14379264. நடுவில் அதே 3792. இன்னொரு தடவை வர்க்கித்தாலும் அதுவே. எழுமாறு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பாடப்புத்தகம் ஒரு பக்கம் எடுத்துச் சொல்வதை, எழுமாற்று ஏமாற்று என்ற இரண்டு சொல் சொல்லிவிட்டது.

ஏமாற்று எண்ணாக இருந்தாலும் பந்தயத்துக்குப் போதும். ஒருமுறை வெள்ளவத்தையிலிருந்து, புறக்கோட்டைக்கு ஓடுகிற 100ஆம் இலக்க பஸ்ஸில் போகும்போது வங்கி நண்பனோடு பிளேன்டீ பந்தயம் கட்டினேன். 40 தடவை அமத்துவதற்குள் ஏதாவது ஒரு எண் இரண்டாம் தடவை வரும் என்றேன். ஆயிரம் எண் இருக்கிறதே, ஐந்நூறாவது வேண்டும் என்றான், மென்பொருள் எழுதுகிறவனே. உண்மையில் 38 தடவையிலேயே வாய்ப்புப் பாதியைத் தாண்டிவிடும். ஒவ்வொரு புது எண்ணும் முன்னால் வந்த எல்லா எண்ணோடும் மோதிப் பார்க்கிறது அல்லவா, அந்தச் சோடிகள்தான் வேகமாகப் பெருகுகின்றன. பம்பலப்பிட்டி தாண்டியது, கொள்ளுப்பிட்டி தாண்டியது, ஒன்றும் இல்லை. காலிமுகத்திடல் பக்கம் கடல் தெரிய, 31ஆவதில் 89/250 திரும்பி வந்தது. இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்ததில் நான் இறங்க வேண்டிய கோட்டைத் தரிப்பு போய்விட்டது. கோட்டை விட்டதற்குக் கிடைத்த பிளேன்டீ என்று அதை இன்றுவரை சொல்கிறோம்.

சரி, திருத்தத்துக்கு வருவோம். இரண்டு வருடம் அப்படியே ஓட்டிவிட்டு, போன கிழமை வேறு வேலையாகப் புறக்கோட்டைக்குப் போனபோது ஒரு திருத்துகிற கடையில் கொடுத்தேன். கடைக்கார நானா பின்பக்கத்தைக் கழற்றி, இறப்பர் தாளைத் தூக்கி எனக்குக் காட்டினார். ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் கறுப்பாக ஒரு வட்டம். அமத்தும்போது அதுதான் கீழே உள்ள இரண்டு செப்புத் தடத்தையும் தொட்டு இணைக்கிறது. மற்றதெல்லாம் கறுகறுவென்று இருக்க, எஸ்–டிக்கு அடியில் மட்டும் சாம்பல் நிறம். "கரி தேஞ்சிருக்கு தம்பி. எந்த நாளும் இதையேதான் அமத்துறீங்களா?" என்றார். எதையோ தடவிக் காயவைத்து, தடங்களை அழிறப்பரால் துடைத்துப் பூட்டித் தந்தார். கால்மணி நேரம்கூட இல்லை. அருமையான வேலை.

சனிக்கிழமை கடையில் எடுத்து வைத்தேன். வங்கி நண்பனுக்கு 27/40 வந்தது. நான் அரையே மும்மா அரைமா என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் எஸ்–டியை அமத்திவிட்டான். 0.675. "பொயின்ட் சிக்ஸ் செவன் ஃபைவ்" என்று வாசித்து அண்ணாவிடம் நீட்டினான். அவர் அடுத்ததை அமத்தினார். மும்மாவைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பொத்தானை ஏன் திருத்தினேன் என்றிருந்தது.

இவ்வளவு பாராட்டி எழுதிவிட்டு மருமகளுக்கு என்ன சொல்வது? நேற்றிரவு கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதையே வாங்கு என்றிருப்பேன். ஆனால் இன்று காலை தெகிவளைச் சைட்டில் கொங்கிறீற் லொறிக்கு அளவு சொல்ல வேண்டிய நேரம், லொறிக் கம்பனிக்காரர் போனில், பாஸ் பக்கத்தில். பழக்கத்தில் வெறும் சமனை அமத்தினேன். பின்னம். எஸ்–டியை அமத்தினேன். திருத்தின பொத்தான், ஒரே அமத்தில் இரண்டு தடவை அடித்துத் திரும்பவும் பின்னத்துக்கே போய்விட்டது. மூன்று தடவை இதே கதை. தசமத்தில் கேட்டவனுக்குத் தசமத்தில் விடை சொல்ல ஏன் இந்த வகைக்கு இவ்வளவு பிடிவாதம்? பதினொரு வருடமாகக் கேட்கிறேன்.

ஆகவே எழுதி அனுப்பினேன்: "பிள்ளை, இந்த வகை வேண்டாம். சமன் அமத்தினதும் தசமம் காட்டுற ஒண்டாப் பாத்து வாங்கு."

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: "அப்ப நீங்கள் புதுசு வாங்குங்கோ மாமா, உங்கட பழசை எனக்குத் தாங்கோ."

தரமாட்டேன் என்று எழுதினேன்.