பழைய மடக்குக்கத்தியைச் சாணைக்குக் கொடுக்கும் முன்: ஓர் எச்சரிக்கை

பல ஆண்டுகள் சட்டைப்பையில் கிடந்து தேய்ந்த மடக்குக்கத்தியைப் பழுதுபார்க்கக் கொடுக்க எண்ணியிருப்பவர்கள், கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுவது நல்லது. பழைய கத்திகளைப் புதிதாக்கித் தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு பழுதுபார்ப்பு நிலையத்திடம் என் கத்தியை ஒப்படைத்தேன். முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கிற, ஆனால் சணல் கயிற்றைக்கூட ஒழுங்காக அறுக்காத ஒரு பொருளாக அது திரும்பி வந்தது. அந்த நிலையத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இதே முறையில் வேலை செய்பவர்கள் பலர் இருப்பதால், பெயரைவிட முறையைத் தெரிந்துகொள்வதே பயன் தரும்.

கொடுத்தபோது கத்தி நல்ல நிலையில் இருந்தது என்று சொல்லமாட்டேன். ஒற்றை அலகு கொண்ட கார்பன் எஃகுக் கத்தி அது. அட்டைப்பெட்டி கிழிப்பது, மின்கம்பியின் உறையை உரிப்பது, பென்சில் சீவுவது, டப்பா மூடியை நெம்புவது என்று தனக்குரிய வேலையையும் தனக்குச் சம்பந்தமில்லாத வேலையையும் ஒருசேரச் செய்து வந்திருந்தது. நெம்பியதில் முனை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக உடைந்திருந்தது. திருகியதில் அச்சு ஆணி தளர்ந்து, அலகு பக்கவாட்டில் ஆடியது. கடுமையாகப் பயன்படும் எந்த மடக்குக்கத்திக்கும் வரும் குறைகள்தாம் இவை, இரண்டுமே சரிசெய்யக்கூடியவை. முனையைச் சீராக்கவும், ஆட்டத்தை நிறுத்தவும், கூர் தீட்டவும் கேட்டுக்கொண்டேன். அலகில் படிந்திருந்த கருஞ்சாம்பல் நிறத்தைத் தொடவேண்டாம் என்று எழுதியும் கொடுத்தேன். பழச்சாறும் ஈரமும் பட்டுப் பட்டுக் கார்பன் எஃகின் மேல் உருவாகும் அந்தக் கருமை, செந்துருவைப் போல உலோகத்தை அரிப்பதில்லை. மாறாக, துரு ஏறுவதை ஓரளவு தாமதப்படுத்துகிறது. அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் அடுத்த மழைக்காலத்திலேயே செம்புள்ளிகள் தோன்றும்.

கத்தியை அனுப்புவதற்கு முன், அலகைத் திறந்து ஒரு தாளின் மேல் வைத்து, கூரான பென்சிலால் அதன் வடிவத்தைச் சுற்றி வரைந்து வைத்திருந்தேன். திரும்பி வந்த அலகை அதே கோட்டின் மேல் வைத்தபோது, நடந்தது என்னவென்று பெரும்பாலும் புரிந்துவிட்டது. உடைந்த முனையை முதுகுப்பக்கத்திலிருந்துதான் தேய்த்துச் சீராக்க வேண்டும். அப்போதுதான் புதிய முனை வாய்ப்பக்கமாக, அதாவது வெட்டும் விளிம்பை நோக்கி, தாழ்ந்து அமையும், மடக்கும்போது கைப்பிடிக்குள் அடங்கும். இவர்களோ வாய்ப்பக்கத்தைத் தேய்த்து முனையை மேல்நோக்கி வளைத்திருந்தார்கள். அப்படிச் செய்தால் மடக்கிய நிலையில் முனை கைப்பிடிக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், பையில் கைவிடுபவரின் விரலைக் கிழிக்கும். அது அவர்களுக்கும் கண்ணில் பட்டிருக்க வேண்டும். ஏனென்றால், அதை மறைக்க இன்னொரு காரியம் செய்திருந்தார்கள். அலகின் அடியில், மடக்கும்போது கைப்பிடியின் முதுகுப்பக்கம் உள்ள ஸ்பிரிங்கின் மேல் உட்காரும் சிறு மேடு ஒன்று இருக்கும். அலகு எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. அந்த மேட்டை அரத்தால் ராவியதால் முனை உள்ளே இறங்கியது உண்மை. கூடவே வாயும் இறங்கி, ஒவ்வொரு முறை மடக்கும்போதும் நடு அலகு ஸ்பிரிங்கில் மோதத் தொடங்கியது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், மோதிய இடத்தில் கூர் தட்டையாகி வெள்ளையாக மின்னுவது தெரிந்தது. ஆடிக்கொண்டிருந்த ஆணியின் தலையை ஓங்கி அடித்துப் பரப்பியதில், கைப்பிடியின் எலும்புத் தகட்டிலும் ஆணியை ஒட்டி மயிரிழை அளவு விரிசல் விட்டிருந்தது.

இவற்றையெல்லாம்கூட ஒரு நல்ல கைவினைஞர் ஓரளவு மீட்டுவிடலாம். எளிதில் மீட்க முடியாதது எஃகின் பதம். கார்பன் எஃகு அலகைச் சுமார் 800 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, எண்ணெயிலோ நீரிலோ சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்குகிறார்கள். அந்த நிலையில் அது தட்டினாலே உடையும் என்பதால், மறுபடியும் ஏறத்தாழ 200 டிகிரிக்கு மிதமாகச் சூடாக்கி, கடினமும் தாங்குதிறனும் சேர்ந்த பதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். இந்த இரண்டாவது சூட்டின் அளவைப் பிற்பாடு எப்போது தாண்டினாலும், தாண்டிய அளவுக்கு அலகு மென்மையாகிவிடும். வேகமாகச் சுழலும் உலர்ந்த சாணைச்சக்கரத்தில் அலகை அழுத்தினால், மிக மெல்லிய வாய்ப்பகுதி சில நொடிகளில் அந்த எல்லையைக் கடந்துவிடுகிறது. இடையிடையே தண்ணீரில் முக்கி எடுப்பது, ஒவ்வொரு தொடுதலுக்கும் முன் செய்தால் சூட்டைத் தடுக்கும். நிறம் மாறிய பிறகு செய்தால் எதையும் திருப்பித் தராது.

நிறம்தான் இதற்குச் சாட்சி. சுமார் 220 டிகிரியில் வெளிர் மஞ்சளும், 280 டிகிரியையொட்டி ஊதாவும், 300 டிகிரியை நெருங்கும்போது நீலமும் எஃகின் மேல் தோன்றும். துருப்பிடிக்காத எஃகும் சூட்டில் கெடக்கூடியதே, ஆனால் அதில் நிறங்கள் இதே கணக்கில் வருவதில்லை. என் கத்தியில் பஃப் சக்கரம் எனப்படும் மெருகேற்றும் துணிச்சக்கரம் போட்டு எல்லா நிறத்தையும் அழித்திருந்தார்கள். அலகு கைப்பிடியைச் சந்திக்கும் மூலையில், சக்கரம் எட்டாத இடத்தில் மட்டும், ஊதாவில் தொடங்கி நீலத்தில் முடியும் ஒரு மெல்லிய கீற்று எஞ்சியிருந்தது. உறுதிசெய்துகொள்ள ஒரு சிறு அரத்தை எடுத்து லேசாக உரசிப் பார்த்தேன். அலகின் அடிப்பகுதியில் அரம் பிடிக்காமல் வழுக்கியது, வாயோரத்தில் நன்றாகவே கடித்தது.

புகாரைத் தெரிவித்தபோது கிடைத்த பதில்தான் இதை எழுத வைத்தது. பழைய எஃகு காலப்போக்கில் களைத்துவிடும் என்றும், கார்பன் எஃகு வழக்கொழிந்த சரக்கு என்றும், அளவுக்கு மீறிப் பயன்படுத்திய கத்திக்குத் தாங்கள் பொறுப்பேற்க முடியாது என்றும் எழுதினார்கள். அறை வெப்பத்தில் சும்மா இருக்கும் அலகு வயதாவதால் மென்மையாவதில்லை. 1890 முதல் மடக்குக்கத்தி செய்துவரும் பிரான்சின் ஓபினெல் நிறுவனம் கார்பன் எஃகு அலகை இன்றும் விற்கிறது. பயன்பாட்டால் கத்திக்கு வரும் சேதம் முனையிலும் ஆணியிலும் கூரிலும் தெரியும். நீலக் கீற்று பயன்பாட்டால் வருவதன்று, சக்கரத்தால் வருவது. இதை நிழற்படத்தோடு எழுதி அனுப்பிய பிறகு, அடுத்த முறை கட்டணத்தில் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். இதே கையில் இன்னொரு கத்தியையும் கொடுக்க வேண்டுமாம்!

ஆகவே யாரிடம் கொடுப்பதானாலும், எந்த இயந்திரத்தில் தீட்டுவார்கள் என்பதை முதலில் கேளுங்கள். நீரில் நனைந்தபடி மெதுவாகச் சுழலும் கல் என்றாலோ, கையால் தீட்டும் கல் என்றாலோ அச்சமில்லை. பெல்ட் இயந்திரமென்றால், வேகத்தையும் சூட்டையும் எப்படிக் கட்டுப்படுத்துகிறார்கள் என்று கேட்க வேண்டும். "எல்லாம் அனுபவந்தான்" என்று பேச்சை மாற்றினால் கத்தியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். முனை உடைந்திருந்தால் எந்தப் பக்கத்திலிருந்து சீராக்குவீர்கள் என்ற ஒரு கேள்வியே தொழில் தெரிந்தவரைக் காட்டிக்கொடுத்துவிடும். வடிவத்தைத் தாளில் வரைந்து வைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. பின்னால் வாதம் வந்தால் அந்தக் கோடு பேசும்.

ஏற்கெனவே இப்படிக் கெட்ட கத்தி உங்களிடம் இருந்தால் உடனே தூக்கி எறிய வேண்டாம். பெரும்பாலும் வாயை ஒட்டிய மெல்லிய பகுதி மட்டுமே வெந்திருக்கும். ஈரக்கல்லில் பொறுமையாகத் தீட்டிக்கொண்டே போனால், அலகு சற்றுக் குறுகினாலும், கெடாத எஃகு வெளிப்பட வாய்ப்புண்டு. என்னுடையதை இப்போது அப்படித்தான் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தீட்டி வருகிறேன். அடிப்பகுதியில் கூர் நிற்கத் தொடங்கிவிட்டது. நடுப்பகுதியில் வாய் இன்னும் மடங்குகிறது. ஸ்பிரிங்கில் மோதுவதைத் தடுக்க, கைப்பிடியின் உள்ளே சிறு தோல் துண்டு ஒன்றை ஒட்டியிருக்கிறேன்.