ரெப்ளிகா காரைப் பந்தயத்துக்குத் தயார் செய்யக் கொடுக்கவிருப்பவர்களுக்கு எச்சரிக்கை: என் பதினோரு மாதச் சம்பளம் கறுப்புப் பெயின்டாகிப் போனது

நேற்று முன்தினம் காலை, பழங்காலக் கார்களுக்கான பந்தயம் ஒன்றின் பரிசோதனைக் கொட்டகையில் என் கார் நிராகரிக்கப்பட்டது. பரிசோதகர் அதற்குச் செலவிட்ட நேரம் பத்து நிமிடம்கூட இராது. அதைப் பந்தயத்துக்குத் தயார் செய்து தருவதாகச் சொன்ன ஒர்க்ஷாப்புக்கு நான் கொடுத்தது என் பதினோரு மாதச் சம்பளம். தொகையை எண்ணில் எழுதாமல் இப்படி எழுதுகிறேன் என்றால், அதைச் சேர்த்தது மாதம் மாதமாகத்தான். இப்போது மனத்துக்குள் கழித்துப் பார்ப்பதும் அப்படித்தான். ஒர்க்ஷாப்பின் பெயரை எழுதப் போவதில்லை. பழைய பந்தயக் கார்களைச் சீரமைப்பதே தங்கள் தொழில் என்று சொல்லிக்கொள்ளும், சுவர் நிறையப் பந்தயப் புகைப்படங்கள் மாட்டிய வகை ஒர்க்ஷாப் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இதே காரியத்தில் இறங்கவிருப்பவர்களுக்கு விரிவான ஆலோசனையை முடிவில் தருகிறேன்.

என்னுடையது போர்ஷே 550 ஸ்பைடர் என்ற பழைய பந்தயக் காரின் ரெப்ளிகா, அதாவது நகல். 1953-இல் அறிமுகமான அசல் காரில் ஏறத்தாழ 90 மட்டுமே செய்யப்பட்டன. அலுமினிய பாடி, நான்கு கேம்ஷாஃப்ட் கொண்ட ஒன்றரை லிட்டர் எஞ்சின், சுமார் 550 கிலோ எடை. 1954-இல் இத்தாலியின் மில்லே மிலியா சாலைப் பந்தயத்தில் ஹான்ஸ் ஹெர்மன் மூடிய ரயில்வே கேட்டுக்கு அடியில் தலையைக் குனிந்தபடி நுழைந்து போனாரே, அவ்வளவு தாழ்வான கார். என்னுடையதில் ஃபைபர் பாடி, இரும்புக் குழாயாலான சேஸிஸ் (அடிச் சட்டகம்), ஃபோக்ஸ்வேகன் பீட்டில் வகை எஞ்சின். தலைக்குப் பின்னால் பளபளவென்று குரோம் பூசிய ஒரு வளைவு, காரை வாங்கும்போதே இருந்தது. கூரையில்லாத காரில் அந்த வளைவுதான் ரோல் பார். கார் கவிழ்ந்தால் ஓட்டுபவரின் கழுத்துக்கும் தரைக்கும் நடுவே அதைத் தவிர வேறொன்றும் இல்லை.

ரெப்ளிகா என்பதால் பந்தயத்தில் அனுமதியே கிடைக்காது என்று பலர் சொல்வார்கள். பல அமைப்புகளில் அது உண்மையும்கூட. நான் கலந்துகொள்ள விரும்பிய பந்தயத்தின் அமைப்பாளர்களோ ரெப்ளிகாக்களுக்குத் தனிப் பிரிவு வைத்திருந்தார்கள்; பாதுகாப்பு விதிகள் மட்டும் அசலுக்கும் நகலுக்கும் ஒன்றே. அந்த விதித் தாள்களை அச்செடுத்து, கோடிட்டு, கையோடு கொண்டுதான் அந்த ஒர்க்ஷாப்புக்குப் போனேன்.

நான் ஏமாந்தது அந்த முதல் நாளில்தான். உரிமையாளர் காரைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பிறகு மண்டியிட்டு அடியில் பார்த்தார். எழுந்தவர், "சார், கியர்பாக்ஸ் சரியாகத்தான் இருக்கிறது, பிழைத்தீர்கள்" என்றார். பீட்டிலில் எஞ்சின் பின் அச்சுக்குப் பின்னால் இருக்கும். ஸ்பைடரில் அச்சுக்கு முன்னால். அதனால் கியர்பாக்ஸுக்குள் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தை மறுபக்கமாக மாற்றிப் போட வேண்டும். மறந்துவிட்டால் கார் நான்கு கியரில் பின்னால் போகும், ஒரே கியரில் முன்னால் வரும். அப்படி ஒரு கார் தன்னிடம் வந்த கதையை அவர் சொல்ல, இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்ற மாட்டார் என்று அந்தச் சிரிப்பினூடே என் மனம் முடிவு கட்டிவிட்டது. தொழில் தெரிந்தவனுக்குத்தான் எங்கே வேலை செய்யாமல் விட்டால் வெளியே தெரியாது என்பதும் தெரியும் என்று அப்போது தோன்றவில்லை.

அடுத்து அவர் அந்தக் குரோம் வளைவை விரலால் சுண்டினார். "இது அலங்காரம் சார். உள்ளே காகிதம் மாதிரிக் குழாய். கால்களைப் பாருங்கள், சேஸிஸில் நிற்கவில்லை, ஃபைபர் தரையில் நிற்கின்றன. கவிழ்ந்தால் இதுவும் உங்களோடு சேர்ந்து மடங்கும்." இப்படிச் சொல்லிவிட்டு ஒரு கூரான ஆணியை எடுத்து, அதன் இடது காலில் பெருக்கல் குறி ஒன்றைக் கீறினார். "இது குப்பைக்கு" என்றார். அன்றே முன்பணமாக மொத்தத் தொகையில் பாதியைக் கொடுத்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அசல் காரில் இருப்பதைப் போலவே எண் பொறித்த சேஸிஸ் தகடு ஒன்றைச் செய்து தரட்டுமா என்று போகிற போக்கில் கேட்டார். வேண்டாம் என்று சிரித்து மறுத்தேன். போலித் தகடு அடிப்பவர் என் காரில் மட்டும் உண்மையாக வேலை செய்வார் என்று எப்படி நம்பினேனோ, எனக்கே விளங்கவில்லை.

மதிப்பீட்டுத் தாளில் இருந்த வேலைகள் இவை. 45 மில்லிமீட்டர் விட்டமும் இரண்டரை மில்லிமீட்டர் கனமும் உள்ள சீம்லெஸ் (ஒட்டுத் தையல் இல்லாத) குழாயில் புதிய ரோல் பார். பின்தாங்கு குழாய்களோடு அது சேஸிஸில் பற்றவைக்கப்படும். சாதாரணப் பெட்ரோல் டேங்க்குக்குப் பதிலாக, ரப்பர் பையும் உள்ளே நுரையும் கொண்ட, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் தரச்சான்று பெற்ற பந்தய டேங்க். புதிய ஆறு முனை சீட் பெல்ட். எஞ்சினுக்கு ஆழமான ஆயில் சம்ப் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி), முறையான ஆயில் ஃபில்டர். பீட்டில் எஞ்சினில் இரண்டரை லிட்டர் ஆயில்தான் பிடிக்கும், வடிகட்ட ஒரு சல்லடையைத் தவிர வேறெதுவும் கிடையாது. நீண்ட வளைவில் வேகமாகப் போகும்போது ஆயில் ஒரு பக்கத்து வால்வு மூடிக்குள் ஒதுங்கிவிட, பம்ப் காற்றை உறிஞ்சும், பேரிங்குகள் சில நொடிகளில் தீய்ந்துவிடும். இதையும் அவர்தான் எனக்குப் படம் வரைந்து விளக்கினார்.

இரண்டாம் மாதம் புகைப்படம் ஒன்று வந்தது: பெயின்ட் அடிக்காத, பற்றவைப்பு நீலம் பாரித்த, தடித்த ரோல் பார். அதைப் பார்த்து அடுத்த தவணையை அனுப்பினேன். அந்தப் படத்தில் தெரிந்த இருக்கைத் தண்டவாளம் என் காருடையது இல்லை என்பதை நேற்றிரவுதான் கவனித்தேன்.

பந்தயத்துக்கு முந்தைய நாள் மாலை வரை காரைக் கொடுக்காமல் இழுத்தடித்தார்கள். கொடுத்தபோது அது கண்ணைப் பறித்தது. வெள்ளை வட்டத்துக்குள் எண், பானட்டுக்குத் தோல் வார், பளபளக்கும் அலுமினியப் பெட்ரோல் மூடி, கறுப்பாக மின்னும் ரோல் பார். இருட்டிக்கொண்டு வந்தது. கடைசித் தவணையை அங்கேயே நின்று கொடுத்து முடித்தேன். பதினோராவது மாதச் சம்பளமும் போனது.

மறுநாள் பரிசோதகர் முதலில் ரோல் பாரின் கால்களைத்தான் பார்த்தார். அவை ஃபைபர் தரையில், ஓர் அலுமினியத் தகட்டின் மேல் போல்ட் போட்டு நின்றன. மீயொலிக் கருவியை வைத்துக் குழாயின் கனத்தை அளந்தார்: 1.6 மில்லிமீட்டர். எதுவும் பேசாமல் இடது காலில் நகத்தால் சுரண்டினார். கறுப்புப் பெயின்ட் தோல்போல உரிந்து, அடியில் குரோம் மின்னியது. குரோமின் மேல் அந்தப் பெருக்கல் குறி இருந்தது. "குப்பைக்கு" என்று ஒர்க்ஷாப் உரிமையாளர் என் கண் முன்னே ஆணியால் கீறிய அதே குறி. அந்த நிமிடம் எனக்குக் கோபம்கூட வரவில்லை. காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டதைப் போல இருந்தது.

மற்றவை விரைவாக வெளிவந்தன. பெல்ட்டின் லேபிளில் அச்சிடப்பட்டிருந்த செல்லுபடிக் காலம் முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. டேங்க் என்பது வெறும் அலுமினியப் பெட்டி. மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் எதிர்ச் சுவர் தெரிந்தது, நுரையும் இல்லை, பையும் இல்லை. நேற்று வேறொரு மெக்கானிக் அடியிலிருந்து சம்ப்பைக் கழற்றினார். வெளியே துடுப்பு துடுப்பாக அழகான ஆழச் சம்ப் இருந்தது. உள்ளே ஆயிலை உறிஞ்சும் குழாயை மட்டும் நீட்டவே இல்லை. கூடுதலாக ஊற்றிய ஆயில் அடியில் தேங்கிக் கிடக்க, பம்ப் பழைய உயரத்திலேயே உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கும். கண்ணுக்குத் தெரிகிற இடமெல்லாம் வேலை. தெரியாத இடமெல்லாம் பழையபடி. பதினோரு மாதச் சம்பளத்துக்கு உண்மையில் நான் வாங்கியவை ஒரு தோல் வார், ஒரு மூடி, கொஞ்சம் பெயின்ட்.

பரிசோதனைக் கொட்டகையிலிருந்தே உரிமையாளரை அழைத்தேன். "அந்தப் பரிசோதகர் புதியவராக இருப்பார் சார், பெரியவர் வரட்டும், காட்டுங்கள்" என்றார். அந்தப் பரிசோதகருக்கே எழுபது வயதிருக்கும் என்றேன். அழைப்பு துண்டிக்கப்பட்டது. பிறகு ஒரு பையன் எடுத்தான். முதலாளி வெளியூர் போயிருக்கிறார் என்றான், பின்னணியில் அவருடைய குரல் கேட்டுக்கொண்டிருந்தது. படங்களை அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். தெளிவாக இல்லை என்றார்கள், மறுபடி அனுப்பினேன். மாலையில் வந்த பதில்: "காரை வெளியே எடுத்துச் சென்ற பிறகு ரோல் பாரை மாற்றியிருக்கலாம், நாங்கள் பொறுப்பல்ல." ஓர் இரவுக்குள் நான் நல்ல ரோல் பாரை அறுத்துப் போட்டுவிட்டு, அவர் கீறிய குப்பையைத் தேடிப் பிடித்து மாட்டிக்கொண்டு பந்தயத்துக்கு வந்தேனாம்! நேற்று, பந்தயக் காருக்கு உத்தரவாதம் கிடையாது என்று பில்லின் பின்பக்கத்தில் இருக்கிறதே, படிக்கவில்லையா என்று கேட்டார்கள். கடைசியாக இன்று காலை, நல்லெண்ணத்தின் அடையாளமாக ஒரு முறை ஆயில் இலவசமாக மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். பதினோரு மாதச் சம்பளத்துக்கு ஓர் ஆயில் மாற்றம்.

விரிவான ஆலோசனை தருவதாகச் சொல்லியிருந்தேன். இப்போது கை நடுங்குகிறது. தோன்றுவதை மட்டும் எழுதிவிடுகிறேன். ரோல் பாரைப் பெயின்ட் அடிப்பதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள், புகைப்படத்தை நம்பாதீர்கள். பார்க்கும்போது கால்கள் எதில் நிற்கின்றன என்பதை முதலில் பாருங்கள். பெல்ட்டையும் டேங்க்கையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். பெல்ட் லேபிளில் ஆண்டு இருக்கும், டேங்க் பைக்குத் தயாரித்த தேதியிலிருந்து ஐந்தாண்டுதான் ஆயுள். சம்ப்பை மூடும் நாளில் பக்கத்தில் நில்லுங்கள். குப்பைக்கு என்று அவர்கள் ஒதுக்கும் பழைய பாகங்களை அன்றே காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுங்கள். கடைசித் தவணையைப் பரிசோதனைச் சீட்டு ஒட்டிய பிறகு கொடுங்கள், முந்தைய நாள் மாலையில், இருட்டில், கொடுக்காதீர்கள்.