பெல்ட்டா, மேசையா? கறி வெட்டும் கைக்கு எது தோது

கடலூர் சிப்காட்டிலோ சேதராப்பட்டிலோ கோழிக்கறி வெட்டிப் பேக் செய்யும் யூனிட் போட நினைப்பவர்கள் முதலில் இயந்திர விலையைத்தான் விசாரிக்கிறார்கள். ஆட்களை ஓடும் பெல்ட்டில் நிறுத்துவதா, மேசையைச் சுற்றி நிறுத்துவதா என்பதை அதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

பெல்ட்டில் ஒருவருக்கு ஒரே வெட்டு. இறக்கை என்றால் நாள் முழுக்க இறக்கைதான். புது ஆள் சீக்கிரம் பழகிவிடுவார், மேற்பார்வையும் சுலபம். ஆனால் வேகம் மோட்டாரின் கையில். அமெரிக்கக் கோழி ஆலைகளில் குடல் நீக்கும் வரிசைக்கு நிமிடத்துக்கு 140 கோழி என்று வரம்பு. 175 வரை ஓட்ட அனுமதி பெற்ற ஆலைகளும் உண்டு. அங்கே இயந்திரம் முடித்து அனுப்புவதை அடுத்த கட்டத்தில் மனிதக் கைகள் வெட்டித் தீர்க்க வேண்டும். மணிக்கட்டு நரம்பு அழுந்தி விரல்கள் மரத்துப்போகும் கார்ப்பல் டனல் அந்தத் தொழிலாளர்களிடம் அதிகம்.

மேசையில் ஒருவரே முழுக் கோழியையும் பிரிக்கிறார். கை அசைவு மாறிக்கொண்டே இருக்கும். கத்தி மழுங்கினால் நிறுத்தித் தீட்டிக்கொள்ளலாம். இது சின்ன விஷயம் இல்லை: மழுங்கிய கத்திக்குப் பிடியும் அழுத்தமும் கூடுதலாகத் தேவை, அந்தப் பாரம் நேரே மணிக்கட்டில் இறங்கும். பெல்ட்டில் தீட்ட நின்றால் கறி தாண்டிப் போய்விடும். சரி, மேசைக்குக் குறையே இல்லையா? பழக நாளாகும், ஆளுக்கு ஆள் வெட்டு மாறும். கிலோ கணக்கில் கூலி என்றால் ஆளே தன்னை விரட்டிக்கொள்வார். அப்போது மேசையால் கிடைத்த நன்மை போய்விடும். நாள் சம்பளம்தான் இதற்குச் சரி.

மேசையின் உயரமும் முக்கியம். கடலூர் முதுநகரில் அரிவாள்மணையில் மீன் அரியும் அக்காக்களைக் கவனியுங்கள். கத்தி அசையாது, மீனை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளுகிறார்கள், கைப்பிடியை இறுக்கும் வேலை இல்லை. ஆனால் தரையில் உட்கார்ந்து அரிவதால் முழங்காலும் இடுப்பும்தான் பாடுபடும். நின்று வெட்டும்போது பலகை முழங்கைக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே இருந்தால் தோளும் முதுகும் தப்பும். குள்ளமானவருக்குக் காலடியில் ஒரு மரத்தட்டு போட்டால் போதும்.

வேலையை மாற்றி மாற்றிக் கொடுப்பதாகச் சிலர் சொல்வார்கள். இறக்கையிலிருந்து தொடைக்கு மாற்றினால் அதே மணிக்கட்டுதான் உழைக்கும். வெட்டியவரைக் கறியை எடை போடும் வேலைக்கும் பேக்கிங்குக்கும் அனுப்ப வேண்டும்.

இருபது, முப்பது பேர் வேலை செய்யும் யூனிட்டுக்கு மேசைதான் என் தேர்வு. பெரிய ஆர்டருக்காகப் பெல்ட் போட்டே ஆக வேண்டும் என்றால், வரிசையிலேயே புதிய ஆளின் கைக்கு ஏற்ற வேகத்தில் ஓட்டுங்கள். இழுத்தால் பெல்ட்டை நிறுத்தும் கயிறு ஒவ்வொருவருக்கும் எட்டட்டும்.